கேட்பதற்கு ஓர் ஆள்

நான் சேர்ந்திருக்கும் எடைக் குறைப்புத் திட்டத்துக்கு வாசலும் வரவேற்பறையும் கிடையாது, எல்லாம் செல்பேசிக்குள்தான். காலையில் எடை பார்த்துக் குறிக்க வேண்டும். மூன்று வேளையும் சாப்பாட்டில் கை வைக்கும் முன் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இரவில் அன்றைய நடையைப் பதிய வேண்டும். மறுமுனையில் ஓர் உணவியல் ஆலோசகர் இருக்கிறார். என் மகளைவிட வயதில் சிறியவர். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனாலும் சாயங்காலம் பேக்கரியில் டீ சொல்லிவிட்டு நிற்கும்போது, கண்ணாடிப் பெட்டியில் தேங்காய் பன்னைப் பார்த்ததும், இதையும் அந்தப் பெண்ணுக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமே என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பல நாள் டீயோடு திரும்பிவிடுகிறேன். இந்த நினைப்புதான் இப்படிப்பட்ட திட்டங்களின் உயிர் என்று நம்புகிறேன்.

சேரக் காரணம் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம் என்று பொருள். பார்த்தால் நான் அப்படியொன்றும் பருமன் இல்லை. நம் உடம்பின் சங்கடமே அதுதான். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 23-ஐத் தொட்டாலே கூடுதல் எடை என்கிறார்கள். மேலை நாட்டாருக்கு அந்தக் கோடு 25. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90-ஐயும் தாண்டக் கூடாது. கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு நம்மைக் கெடுத்துவிடும். இந்தியாவில் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் 10 கோடிப் பேருக்கு மேல் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது.

தொலைபேசி வழியாக வரும் கவனிப்பு பலன் தருமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. அதைப் போக்கியது சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரை எடுத்துக்கொண்டார்கள். உணவு, நடை பற்றிய அறிவுரையை எல்லோருக்கும் தொடக்கத்திலேயே சொன்னார்கள். பாதிப் பேருக்கு மட்டும் அதற்குப் பிறகும் செல்பேசியில் குறுஞ்செய்திகள் போய்க்கொண்டிருந்தன. வெறும் எஸ்.எம்.எஸ்.தான். இரண்டு ஆண்டு முடிவில், அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்திருந்தது. குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கு. இரு தரப்பும் முதலில் கேட்ட அறிவுரை ஒன்றுதான். ஒரு தரப்பை மட்டும் மறக்க விடவில்லை.

அமெரிக்காவில் 2002-இல் முடிவு வெளியான பெரிய ஆய்விலும் இதைப் பார்க்கலாம். அங்கே உணவையும் நடையையும் மாற்றச் சொன்ன தரப்பில் ஒவ்வொருவருக்கும் தனியே ஒரு வழிகாட்டியை அமர்த்தினார்கள். உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, இவ்வளவுதான் இலக்கு. நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ இருப்பவருக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரைக் கிலோ சொச்சம். மாதத்தில் பத்துக் கிலோ என்று ஆசை காட்டும் விளம்பரங்களைப் பார்க்கும்போது இந்த ஐந்தரைக் கிலோவைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

முதல் நாள் பேச்சில் ஆலோசகர் கேட்ட கேள்வி நான் எதிர்பாராதது. "மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்கம்மா? வீட்ல எத்தனை பேர்?" அரிசியைப் பற்றிக் கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். நாலு பேர், ஐந்து லிட்டர் என்றேன். ஆளுக்கு அரை லிட்டர் போதும் என்றார். அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கூடுதல் மூன்று லிட்டரை நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி. கிட்டத்தட்ட 200 கலோரி. முக்கால் மணி நேரம் கோவை ரேஸ்கோர்ஸைச் சுற்றி வேகமாக நடந்தால் கரைகிற அளவு, தாளிப்பிலும் பொரியலிலும் தோசைக் கல்லிலும் தெரியாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எந்தப் படத்திலும் தெரியாதது இது. கேட்கத் தெரிந்தவர் கேட்டால்தான் வெளியே வரும்.

இதற்கு முன் வேறொரு செயலியைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். அதில் மனிதர் யாரும் இல்லை. அரிசிம்பருப்பு சாதம் என்று தேடினால் கிடைக்காது. கிச்சடி என்று போட வேண்டும். கொங்கு நாட்டு வீடுகளில் வாரம் ஒரு முறையாவது ஆக்கும் சோறு அதன் பட்டியலில் இல்லை. காலைக்கு ஓட்ஸ், ராத்திரிக்கு கினோவா என்று திட்டம் அனுப்பும். எனக்கு மட்டும் கினோவா வேக வைத்தால் மற்ற மூவருக்கும் தனியே உலை வைப்பது யார்? இந்தத் திட்டங்கள் ஆளுக்கு ஆள் போடப்படுகின்றன; நம் வீட்டு அடுப்போ எல்லோருக்கும் சேர்த்து எரிகிறது. சமைக்கிற பெண்கள் பலர் இரண்டாம் வாரமே விட்டுவிடுவதற்கு மன உறுதிக் குறைவைக் காரணம் சொல்கிறார்கள். அது அநியாயம். இரண்டு சமையல் செய்ய உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான்.

என் ஆலோசகர் இதைப் புரிந்துகொண்டவர். ஒருநாள் வீடியோ அழைப்பில், எங்களோடு இருக்கும் அத்தையிடம் செல்பேசியைக் கொடுக்கச் சொன்னார். அத்தைக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. "சோத்தைக் கொறைச்சுப் போட்டா தெம்பு எங்கிருந்து கண்ணு வரும்?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார். அந்தப் பெண் மறுத்துப் பேசவில்லை. "அரிசிம்பருப்புக்கு எத்தனை பங்கு அரிசி, எத்தனை பங்கு பருப்பு போடுவீங்க பாட்டி?" என்று கேட்டார். மூன்றுக்கு ஒன்று. "ரெண்டுக்கு ஒண்ணு போட்டுப் பாருங்களேன், கூடவே ஒரு கீரை." அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "பருப்பு சேத்திப் போட்டா ருசி கூடத்தான் செய்யும்" என்றார். அன்றிலிருந்து பானையே மாறிவிட்டது. அத்தை கொள்ளுப் பருப்பையும் திரும்பக் கொண்டுவந்தார். கம்பங்கூழைப் பெருமையாகச் சொன்னபோது மட்டும், "அதுவும் மாவுச்சத்துதான் பாட்டி, ஒரு டம்ளரோட நிறுத்திக்கணும்" என்று அந்தப் பெண் சொல்லத் தவறவில்லை. எனக்காகத் தொடங்கியது, இப்போது என் கணவரின் பெல்ட்டிலும் ஒரு துளை உள்ளே போயிருக்கிறது.

எடை சீராக இறங்கிக்கொண்டே போகாது. முதல் வாரங்களில் இறங்குவதில் கணிசமான பகுதி நீர். பிறகு முள் ஒரே இடத்தில் நிற்கும். உடம்பு இளைக்க இளைக்கச் செலவைக் குறைத்துக்கொண்டு பசியைக் கூட்டும். அது அதன் இயல்பு. அந்தச் சமயத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். என் எடை நின்றபோது, "இடுப்பை அளந்து சொல்லுங்க" என்றார் ஆலோசகர். தையல் டேப்பில் ஓர் அங்குலம் குறைந்திருந்தது.

ஒன்றைப் பயத்தோடு சொல்கிறேன். எங்கள் உறவில் ஒருவர், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர், இணையத்தில் கிடைத்த ஒரு திட்டத்தைப் பார்த்து இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். மாத்திரையை நிறுத்தவில்லை. வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் மருந்தளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றாமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதப் பொடியை வாங்கிக் கலக்குவதும் ஆபத்துதான்.

இத்தகைய திட்டங்களின் கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் விஷயம் என்றால், அதற்கு வேறு வழிகளும் உண்டு. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ரேஸ்கோர்ஸில் காலையில் சேர்ந்து நடக்கும் பெண்கள் சிலர் தங்களுக்குள் வாட்ஸ்அப் குழு வைத்து, வராதவரை ஏழு மணிக்குள் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

பணம் கட்டிச் சேரப் போகிறீர்கள் என்றால், முதலில் மறுமுனையில் இருப்பவர் யார், என்ன படித்தவர் என்று கேளுங்கள். உங்கள் மருந்துச் சீட்டை அவர் கேட்கிறாரா, வீட்டில் சமைப்பவர் யார் என்று விசாரிக்கிறாரா என்று பாருங்கள். இவை எதையும் கேட்காமல் பொடி டப்பாவுக்கு விலை சொல்பவரிடம் தயவுசெய்து சேராதீர்கள்.