கெடார் ஏரிப் புல்லும் விரால் தூண்டிலும்



விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் செல்வோர், காணையைக் கடந்ததும் கண்டாச்சிபுரத்துக்கு முன்பாகக் காணும் ஊர் கெடார். சுற்றுலாக் கையேடுகளில் இவ்வூரின் பெயரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் உழவர் பூமி இது. எனினும் நீர்நிலைகளையும் அவற்றில் வாழும் உயிர்களையும் நேசிப்பவர்கள் ஒருமுறையேனும் வந்து பார்க்க வேண்டிய வட்டாரம் என்பதில் ஐயமில்லை.

இப்பகுதியின் வாழ்வு ஏரிகளில் அடங்கியிருக்கிறது. துரிஞ்சலாற்றின் கீரனூர் அணைக்கட்டில் புறப்படும் நந்தன் கால்வாய், வழியெங்கும் உள்ள ஏரிகளுக்கு நீர் வழங்கிக்கொண்டு, அனந்தபுரம் பக்கமுள்ள பனமலை ஏரியில் வந்து முடிகிறது. அத்தகைய கால்வாய் வாய்க்காத ஏரிகளோ வானத்தையே நம்பியிருப்பவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை கருணை காட்டினால் கலங்கல் வழியும். கோடை முற்றினால் நடுவே ஒரு குட்டை மட்டும் எஞ்சும்.

மழை முடிந்த தை மாதக் காலைப் பொழுதொன்றில் இந்த ஏரிக்கரைகளுள் ஒன்றில் ஏறி நின்று பாருங்கள். நீரைவிடப் பச்சையே கண்ணுக்கு அதிகம் தெரியும். கரையோரம் கோரையும் சம்பும். சற்று உள்ளே அல்லியும் தாமரையும். நீருக்கடியில் கூந்தலைப் போல் அலையும் பாசிகள். இவற்றோடு தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளில் குடியேறிய ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் தமிழகத்தின் பல ஏரிகளைப் பற்றிப் படர்ந்துள்ளன. வலை வீசுபவருக்கு இந்தப் புல் ஒரு தொல்லை. விரால் மீனுக்கோ அதுவே வீடு.

புல்லுக்குள் வாழும் விரால்

விராலைப் பற்றி நம் இல்லங்களில் அதிகம் சொல்லத் தேவையில்லை. முள் குறைந்த, உறுதியான சதை உடைய மீன். மலேசியாவில் உறவினர் உள்ள குடும்பத்தினர் இதனை ‘ஹருவான்’ என்ற பெயரில் அறிந்திருப்பர். பிரசவமான பெண்களுக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அங்கே இதனைச் சமைத்துக் கொடுப்பது வழக்கம். நம் அண்டை மாநிலமான தெலங்கானா 2016-ஆம் ஆண்டில் விராலைத் தன் மாநில மீனாகவே ஏற்றுக்கொண்டது.

இம்மீனுக்கு இறைவன் அளித்துள்ள அமைப்பு வியப்புக்குரியது. செவுளோடு, தலையின் உட்புறத்தில் காற்றைச் சுவாசிப்பதற்கென்றே தனியான உறுப்பு ஒன்றும் உண்டு. எனவே அடிக்கடி நீரின் மேல்மட்டத்துக்கு வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிச் செல்லும். ஏரி வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து காத்திருக்கவும் இதனால் முடியும். தவளை, தலைப்பிரட்டை, சிறு மீன், பூச்சி ஆகியவை இதன் உணவு. புல்லின் நிழலில் அசையாது கிடந்து, இரை அருகில் வந்ததும் பாய்ந்து கவ்வும் இயல்புடையது.

அமெரிக்கப் பாஸும் நம் விராலும்

புல்லுக்குள் ஒளிந்திருக்கும் மீனைத் தூண்டிலால் பிடிக்கும் கலையை மிக நுட்பமாக வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அங்குள்ள ‘பாஸ்’ என்னும் பெருவாய் மீன், விராலைப் போலவே புதர்களில் பதுங்கி வேட்டையாடுவது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர்களுடைய ஏரிகளை இன்று மூடிக் கிடக்கும் ‘ஹைட்ரில்லா’ என்னும் பாசி நம் பக்கத்திலிருந்து சென்றதுதான். 1950-களில் மீன்தொட்டிக்கு அழகுச் செடியாக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது, தொட்டியை விட்டு நீர்நிலைகளுக்குள் புகுந்து பரவிவிட்டது. ஆக, நம் நாட்டுப் பாசியில் மீன் பிடிக்க அவர்கள் கண்ட வழிகளை நாம் தெரிந்துகொள்வதில் தவறொன்றும் இல்லை.

அவர்களுடைய அனுபவத்தின் சாரத்தை ஒரே வரியில் கூறிவிடலாம். புல்லுக்குள் போடும் பொருள், புல்லில் மாட்டிக்கொள்ளாமல் உள்ளே போக வேண்டும். மாட்டிக்கொள்ளாமல் திரும்பியும் வர வேண்டும். இரையின் வடிவம், முள்ளின் அமைப்பு, குண்டின் எடை ஆகிய மூன்றும் இதனை ஒட்டியே முடிவாகின்றன.

முதலில் இரை. வால்களும் கால்களும் பலவாகத் தொங்கும் செயற்கை இரை, பாசியை வாரிக்கொண்டு வரும். உடல் ஒடுங்கி, வழவழப்பாக இருப்பதே நல்லது. ரப்பர்ப் புழுவைக் கோக்கும்போது முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துவிடுவார்கள். புல்லில் அது மாட்டாது. மீன் கவ்வியதும் மென்மையான ரப்பரைக் கிழித்துக்கொண்டு நுனி வெளிவரும்.

அடுத்து எடை. துப்பாக்கிக் குண்டைப் போல் முனை கூரான குண்டு, புல்லை விலக்கிக்கொண்டு வழுக்கிச் செல்லும். அது நரம்பில் மேலும் கீழும் ஓடினால் குண்டு ஒரு பக்கமும் இரை ஒரு பக்கமுமாகப் புல்லில் சிக்கும். ஆகையால் சிறு ரப்பர்த் துண்டால் அதனை முள்ளுக்கு அருகிலேயே நிறுத்திவிட வேண்டும். புல் ஐதாக இருக்குமிடத்தில் 5 முதல் 7 கிராம் எடை போதும். நெருங்கிய பாசிக்கு 10 முதல் 14 கிராம். கம்பளம் விரித்தாற்போல் மூடிக் கிடக்கும் இடத்தைத் துளைத்து இறங்க 28 முதல் 42 கிராம் வரை தேவைப்படும். இயன்றவரை குறைந்த எடையில் தொடங்கி, இரை இறங்காவிட்டால் மட்டும் கூட்டிக்கொண்டு போவதே முறை. நரம்பும் பின்னல் நூலாக இருத்தல் நலம். அது நீளாது, பாசியின் தண்டுகளை அறுத்துக்கொண்டும் வரும்.

ஆனால் அமெரிக்க வழியை அப்படியே கெடாருக்குக் கொண்டு வந்துவிட இயலாது. பாஸ் செவுளால் மட்டுமே சுவாசிப்பது. வெயில் ஏறினால் புல்லுக்கு அடியில் போய் நின்றுவிடும். அதனால்தான் அவர்களுக்குக் கனத்த குண்டு தேவைப்படுகிறது. நம் விராலோ காற்றுக்காக மேலே வந்தே தீர வேண்டும். எனவே பெரும்பாலான வேளைகளில் குண்டே தேவையில்லை! உள்ளீடற்ற ரப்பர்த் தவளை ஒன்றே போதுமானது. அதன் இரு முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் அல்லி இலைமீதும் தடையின்றித் தாவி வரும். விரால் கவ்வும்போது ரப்பர் உடல் அமுங்கி முட்கள் வெளிப்படும். நீர் சிதறியவுடன் பதறிக் கோலை இழுத்தால் தவளை மட்டுமே திரும்பி வரும். ஓரிரு நொடி பொறுத்து, நரம்பில் கனம் தெரிந்த பிறகே தூக்க வேண்டும்.

உயிருள்ள தவளை வேண்டாம்

தமிழகத்து ஏரிக்கரைகளில் உயிருள்ள தவளையை முள்ளில் குத்தி விராலுக்கு விடுவது நெடுநாளைய பழக்கம். முதுகில் முள் ஏறிய அந்தச் சிற்றுயிர் நீரில் துடிப்பதே விராலை ஈர்க்கிறது. வாசகர்களே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். மருந்தில் சேர்ப்பதற்காகத் தவளையைப் பற்றி ஒரு மருத்துவர் கேட்டபோது, அதனைக் கொல்ல வேண்டாமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. மருந்துக்கே ஆகாதது பொழுதுபோக்குக்கு எப்படி ஆகும்? மீனுக்கு அறுப்பு இல்லை. இறைவன் நமக்கு எளிதாக்கித் தந்த உணவு அது. அந்தச் சலுகை, மற்றோர் உயிரை வதைப்பதற்கான அனுமதி ஆகாது.

உழவர் கண்கொண்டு பார்த்தாலும் இதுவே சரி. வயலின் பூச்சிகளைத் தின்று வாழ்வது தவளை. தவளைக் கால்களை வெளிநாடுகளுக்கு அனுப்பி அன்னியச் செலாவணி ஈட்டிய நம் நாடு, அதன் தீங்கை உணர்ந்து 1987-ஆம் ஆண்டில் அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று ரப்பர்த் தவளை எளிதாகக் கிடைக்கும்போது, உயிருள்ளதைத் தேடி வரப்பில் அலைய வேண்டியதில்லை.

ஈயக் குண்டு பற்றி ஓர் எச்சரிக்கை

நம் கடைகளில் தூண்டிலுக்குக் கிடைக்கும் குண்டு பெரும்பாலும் ஈயம். ஈயம் நஞ்சு. நரம்பு அறுந்து புல்லுக்குள் தங்கிவிடும் குண்டுகளைக் கூழாங்கல் என எண்ணி நீர்ப்பறவைகள் விழுங்குகின்றன. இங்கிலாந்தில் அன்னங்கள் இவ்வாறு மடிந்ததைக் கண்டு, 28 கிராம் வரையிலான ஈயத் தூண்டில் குண்டுகளை அந்நாடு 1987-இல் விலக்கிவிட்டது. அதற்கு மாற்றாக இரும்பும் டங்ஸ்டனும் வந்துள்ளன. டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தி மிக்கது. அதே எடைக்குச் சிறிய உருவம் என்பதால் புல்லில் இன்னும் எளிதாக இறங்கும். விலைதான் அதிகம்.

தாய்மார்களின் கவனத்துக்கு ஒன்று. ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் வழக்கம் சிறுவர்களிடம் உண்டு. அதனைக் கட்டாயம் தடுத்துவிடுங்கள். குண்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவில் வைக்கச் சொல்லுங்கள்.

பிடிக்கக் கூடாத விரால்

மழைக்காலத்தில் புல்லுக்கு நடுவே வட்டமாகத் துப்புரவு செய்யப்பட்ட சிறு இடங்களைக் காணலாம். விரால் கட்டிய கூடு அது. மிதக்கும் முட்டைகளைத் தாயும் தந்தையும் காவல் காக்கும். சில நாள்களில் செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே திரளாக மேலெழும்பிக் காற்று வாங்குவதும், அவற்றின் கீழே பெற்றோர் நிழலாகத் தொடர்வதும் கண்கொள்ளாக் காட்சி. அந்தத் திரளின் நடுவே தவளையை எறிந்தால், குஞ்சைக் காக்கும் ஆவேசத்தில் பெரிய விரால் உடனே வந்து கவ்விவிடும். தூண்டில்காரருக்கு இதைவிட எளிய மீன் கிடையாது. ஆனால் அந்த ஒரு மீனோடு திரள் முழுவதும் கெண்டைக்கும் கொக்குக்கும் கெளுத்திக்கும் இரையாகிவிடும். செந்நிறத் திரளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் செல்வதே பண்பாடு; அடுத்த ஆண்டும் மீன் வேண்டும் என்போருக்கு அதுவே அறிவுடைமை.

இன்னும் இரண்டு செய்திகள். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகிறது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் இருப்பவை. குத்தகை எடுத்தவரின் சம்மதம் இன்றிப் பிடிக்கும் மீன் பிறர் பொருளே அன்றோ! கேட்டுப் பெறுவதில் குறைவொன்றும் இல்லை. மேலும், மண் எடுத்த ஆழப் பள்ளங்களைப் புல் மூடி மறைத்திருக்கும். மாட்டிக்கொண்ட முள்ளை விடுவிக்கச் சிறுவர்களை ஒருபோதும் நீரில் இறக்காதீர்கள். பத்து ரூபாய் முள்ளுக்கு ஒரு பிள்ளையின் உயிர் ஈடாகாது.

உள்ளே போட்டது திரும்பி வருமா என்று கேட்டுவிட்டே புல்லுக்குள் தூண்டில் போட வேண்டும் என்று மேலே கண்டோம். முள்ளுக்குச் சொன்ன இந்த விதி ஈயத்துக்கும் பொருந்தும். அறுந்த நரம்புக்கும் பொருந்தும். முள்ளில் குத்திய தவளைக்கும், குஞ்சுகளை விட்டுப் பிரிந்த தாய் விராலுக்கும் பொருந்தும். அவை திரும்பி வருபவை அல்ல. இந்த விதியைக் கைக்கொண்டு கெடார்ப் பக்கம் ஒருநாள் சென்று வாருங்கள். இறைவன் நாடினால், மாலையில் உங்கள் வீட்டுச் சட்டியில் விரால் குழம்பு மணக்கும்; ஏரிப் புல்லுக்குள் அடுத்த தலைமுறையும் நீந்திக்கொண்டிருக்கும்.