மதில் சூழ்ந்த யார்க் மாநகர்

இங்கிலாந்து செல்வோருள் பலர் இலண்டன் மாநகரைக் கண்டதோடு தம் பயணத்தை முடித்துக்கொள்கின்றனர். ஆனால் அந்நாட்டில் கிறிஸ்தவ மறை வேரூன்றி, தழைத்து, பின்னர்ப் புயலில் சிக்கி, மீண்டும் துளிர்த்த வரலாற்றைக் கண்ணாரக் காண விரும்புவோர் வடதிசை நோக்கிச் செல்லும் இரயிலில் ஏறவேண்டும். கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து புறப்படும் விரைவு வண்டி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் யார்க் நகரில் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஊஸ், ஃபாஸ் என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த பழம்பெரும் நகரம் இது. கி.பி. 71-இல் உரோமைப் படையினர் இங்குப் பாசறை அமைத்து, இதற்கு எபொராக்கும் எனப் பெயரிட்டனர். 306-ஆம் ஆண்டு உரோமைப் பேரரசன் ஒருவன் இந்நகரில் உயிர் நீத்தான். உடனே படைவீரர்கள் அவனுடைய மகனைப் பேரரசனாக முழங்கினர். அந்த மகனே கான்ஸ்டன்டைன்! மறைக்காகக் குருதி சிந்திய திருச்சபைக்கு 313-இல் வழிபாட்டு உரிமை வழங்கியவன் அவன். அவன் அரியணையில் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை இன்று பேராலயத்தின் அருகே நிற்கிறது.

மதில்மேல் ஒரு நடை

நகரை அறிந்துகொள்ளச் சிறந்த வழி மதில்மேல் நடப்பதுதான். ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளத்திற்கு நிலைத்து நிற்கும் இம்மதில், இங்கிலாந்தின் நகர மதில்களுள் மிக நீண்டதாகும். கட்டணம் எதுவுமில்லை. இரண்டு மணி நேரம் நிதானமாக நடந்தால் நகரைச் சுற்றி வந்துவிடலாம். இளவேனிற் காலத்தில் மதிலடியின் பசும்புல் மேடுகளில் மஞ்சள் நிற டாஃபடில் மலர்கள் கொத்துக் கொத்தாகப் பூத்துக் குலுங்கும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் வாயிலைக் குறிக்கும் ‘கேட்’ என்னும் சொல் இந்நகரில் தெருவைக் குறிக்கிறது. கோட்டை வாயில்களோ ‘பார்’ என்று வழங்குகின்றன. 866-இல் நகரைக் கைப்பற்றிய வைக்கிங்குகள் தங்கள் மொழியில் தெருவுக்கு வழங்கிய சொல்லை விட்டுச் சென்றதே இதற்குக் காரணம். அவர்களுடைய வாழ்வை யார்விக் காட்சிக்கூடத்தில் காணலாம். காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் கிடைத்த வீடுகளையும் பொருள்களையும் அடிப்படையாகக் கொண்டு, 1984-இல் அது திறக்கப்பட்டது.

மின்ஸ்டர் பேராலயம்

மதிலின் எப்பக்கத்தில் நின்றாலும் நம் கண்களை ஈர்ப்பது பேராலயத்தின் கோபுரமே. 627-ஆம் ஆண்டு பாஸ்கா நாளில் நார்தம்பிரியா நாட்டு மன்னர் எட்வின், புனித பவுலினுஸ் கையால் இந்நகரில் திருமுழுக்குப் பெற்றார். அதற்கெனக் கட்டப்பட்டது ஒரு சிறு மரக் கோயில். மன்னருக்கு முன்னரே கிறிஸ்துவை அறிந்திருந்தவர் அவருடைய துணைவி எத்தெல்பர்கா. குரு பவுலினுஸ் அந்த அரசியுடன் வடநாட்டிற்கு வந்தவரே. ஒரு குலத்தின் மனமாற்றம் ஓர் இல்லத்தில் தொடங்கிற்று என்பதை நம் குடும்பங்கள் நினைவிற் கொள்ளலாம்.

இப்போது நாம் காணும் கற்கோயிலின் கட்டடப்பணி 1220-ஐ ஒட்டிப் பேராயர் வால்டர் டி கிரே காலத்தில் தொடங்கிற்று. 1472-இல் நிறைவெய்தி அருட்பொழிவு பெற்றது. அடிக்கல் இட்டவர்களின் பேரர்களும் முடிவைக் கண்டதில்லை. தாம் காணப்போகாத கோபுரத்திற்காகக் கல் செதுக்கிய கைகள் எத்தனை! ஏறத்தாழ 160 மீட்டர் நீளமுள்ள இவ்வாலயத்தின் நடுக்கோபுரத்தில் 275 படிகள் ஏறினால் நகர் முழுவதும் நம் காலடியில் விரிந்து கிடக்கும்.

ஆனால் இதன் உண்மையான செல்வம் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களே. கீழ்த்திசைப் பெருஞ்சாளரத்தை 1405 முதல் 1408 வரை மூன்றே ஆண்டுகளில் செய்து முடித்தவர் காவெண்ட்ரி நகரத்துக் கலைஞர் ஜான் தார்ன்டன். அவர் பெற்ற ஊதியம் மொத்தம் 56 பவுன். ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் பரப்பளவுள்ள அச்சாளரத்தில், உலகப் படைப்பில் தொடங்கித் திருவெளிப்பாட்டின் காட்சிகள் வரை ஒளியாலே தீட்டப்பட்டுள்ளன. உச்சியில், விரித்த நூலைக் கையிலேந்தித் தந்தையாம் இறைவன் வீற்றிருக்கிறார். எழுத்தறியா எளிய மக்கள் தலைநிமிர்ந்து படித்த வேதாகமம் இதுவே. வடபுறத்தில் ‘ஐந்து சகோதரிகள்’ எனப்படும் ஐந்து நெடிய சாளரங்கள் உள்ளன. சாம்பலும் பசுமையும் கலந்த அமைதியான ஒளியுடைய அவை, முதல் உலகப்போர்க் காலத்தில் உயிர்நீத்த பெண்களின் நினைவாக 1925-இல் அர்ப்பணிக்கப்பட்டன.

இக்கண்ணாடிகள் தப்பியதே ஒரு புதுமை. 1644-இல் உள்நாட்டுப் போரின்போது நகரம் வீழ்ந்தது. வென்ற படையின் தலைவரான சர் தாமஸ் ஃபேர்பாக்ஸ் யார்க்ஷயர் மண்ணில் பிறந்தவர். அவர் ஆலயத்தைச் சிதைக்க இடந்தரவில்லை. 1984 ஜூலை 9 அன்று அதிகாலையில் மூண்ட பெருந்தீயில் தெற்குப் பகுதியின் கூரை முழுவதும் எரிந்து விழுந்தது. ரோஜாச் சாளரத்தின் கண்ணாடி ஆயிரக்கணக்கான விரிசல்கள் கண்டும் தன்னிடத்திலேயே நின்றது! 1988-இல் புதுக்கூரை நிறைவுற்றபோது, அதன் ஆறு மரக்குமிழ்களின் ஓவியங்கள் தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற சிறுவர் சிறுமியரின் கற்பனையில் உருவானவை. ஆலயம் பெரியோருடையது மட்டுமன்று என்பதை அவை இன்றும் கூறுகின்றன.

பதினாறாம் நூற்றாண்டின் சமய மாற்றத்திற்குப்பின் இப்பேராலயம் ஆங்கிலிக்கன் சபையினர் வசமாயிற்று. சுற்றிப் பார்க்கக் கட்டணமுண்டு. மாலை வழிபாட்டில் பங்குபெறவோ கட்டணமில்லை. பாடகர் குழுவின் இன்னிசை அக்கல் தூண்களிடையே எழும்பி அடங்குவதைக் கேட்போர் நெஞ்சம் உருகும். திருப்பலி காண விழையும் கத்தோலிக்கர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பேராலயத்தின் அருகிலேயே 1864-இல் திறக்கப்பட்ட புனித வில்ஃபிரிட் ஆலயம் இருக்கிறது.

இடிபாடுகளும் நாடகமும்

அருங்காட்சியகப் பூங்காவில் புனித மரியாள் துறவு மடத்தின் இடிந்த சுவர்கள் வானை நோக்கி நிற்கின்றன. செல்வச் செழிப்போடு விளங்கிய இந்தப் பெனடிக்டின் மடம் 1539-இல் மன்னர் எட்டாம் என்றியின் ஆணையால் மூடப்பட்டது.

இடைக்காலத்தில் திருவுடல் திருநாளன்று யார்க் நகரத் தெருக்களெல்லாம் நாடக மேடைகளாக மாறின. ஒவ்வொரு தொழிற் சங்கமும் மீட்பு வரலாற்றின் ஒரு பகுதியைச் சக்கர வண்டியின்மேல் நடித்துக் காட்டிற்று. கப்பல் கட்டுவோர் நோவாவின் பேழையைக் கட்டினர். அப்பம் சுடுவோர் கடைசி இராவுணவை நடித்தனர். ஆணி செய்வோர் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தனர்! தம் கைத்தொழிலையே செபமாக்கிய அம்மக்களின் பக்தியை என்னென்பது! 1569-க்குப் பின் அடக்கப்பட்ட இந்நாடகங்கள் 1951-இல் இம்மடத்தின் இடிபாடுகளிடையே மீண்டும் உயிர்பெற்றன. இன்றும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடிக்கப்படுகின்றன.

பெருமைகளை மட்டும் கண்டு திரும்புவது முறையன்று. புல்மேட்டின்மேல் நிற்கும் கிளிஃபர்டு கோபுரம் நம்மைத் தலைகுனியச் செய்யும் இடம். 1190 மார்ச் 16 அன்று, வெறிகொண்ட கும்பலுக்கு அஞ்சி இங்கிருந்த மரக்கோட்டையில் புகலிடம் தேடிய ஏறத்தாழ 150 யூதர்கள் மாண்டனர். பலர் தம் கையாலேயே உயிரைப் போக்கிக்கொண்டனர். எஞ்சியோரைக் கும்பல் கொன்றது. அக்கும்பலில் இருந்தோர் கிறிஸ்தவர்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

இறைச்சிக் கடைத் தெருவின் புனிதை

ஷாம்பிள்ஸ் என்னும் குறுகிய தெரு உலகப் புகழ் வாய்ந்தது. இருபுறமும் மரச்சட்ட வீடுகளின் மேல்மாடிகள் ஒன்றையொன்று தொடுமளவு சாய்ந்து நிற்கின்றன. முன்னாளில் இறைச்சிக் கடைகள் நிறைந்திருந்த தெரு இது. வெயில் படாதிருக்கவே இவ்வளவு நெருக்கம். இறைச்சி மாட்டிய கொக்கிகளும், பரப்பிவைத்த அகன்ற பலகைகளும் இன்றும் சில கடைமுகப்புகளில் காணக்கிடக்கின்றன.

இத்தெருவில் வாழ்ந்த இறைச்சி வணிகர் ஜான் கிளித்தரோவின் மனைவியே புனித மார்கரெட் கிளித்தரோ. 1571-இல் மணமுடித்தவர், மூன்று ஆண்டுகளுக்குப் பின் கத்தோலிக்க மறையைத் தழுவினார். கணவரோ அரசு சபையிலேயே இருந்தார். எனினும் மனைவி அச்சபையின் வழிபாட்டிற்குச் செல்லாததற்கான அபராதத்தைச் செலுத்திவந்தார். பலமுறை சிறைப்பட்ட மார்கரெட், எழுத்து வாசிக்கக் கற்றதும் சிறையிலேதான். குருக்களுக்குப் புகலிடம் தருவோருக்கு மரண தண்டனை என்று 1585-இல் சட்டம் பிறந்த பின்னும் அவர் தம் வீட்டின் மறைவறையை மூடவில்லை. மகன் என்றியைக் குருத்துவக் கல்விக்காகப் பிரான்சுக்கு அனுப்பிவைத்தார்.

1586 மார்ச் 10 அன்று சேவகர்கள் வீட்டைச் சோதனையிட்டனர். அச்சுறுத்தப்பட்ட ஒரு சிறுவன் மறைவறையைக் காட்டிவிட்டான். நீதிமன்றத்தில் நின்ற மார்கரெட், குற்றவாளியென்றோ குற்றமற்றவர் என்றோ வாக்குமூலம் தர மறுத்தார். ஏன்? வழக்கு நடந்தால் தம் சொந்தப் பிள்ளைகளும் வேலையாட்களும் தமக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படுவர். தீர்ப்பளிப்போர் மனச்சான்றிலும் தம் இரத்தப்பழி படியும். அவர்களைக் காக்கத் தம்மையே ஈடாகத் தந்தார் அத்தாய். வாக்குமூலம் தர மறுப்போருக்கு அக்காலச் சட்டம் விதித்த தண்டனையோ கொடியது.

மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். ஊஸ் ஆற்றுப் பாலத்தருகே அவரைக் கிடத்தி, முதுகின்கீழ்க் கூரிய கல்லொன்றை வைத்து, மேலே ஒரு கதவைப் பரப்பி, அதன்மீது பாரங்களை ஏற்றினர். கால்மணி நேரத்தில் ஆவி பிரிந்தது. அவ்வாண்டு நகர மேயராக இருந்தவர் அவருடைய மாற்றாந்தந்தையே! இறக்குமுன் தம் தொப்பியைக் கணவருக்கும், காலணியைச் சிறுமகள் ஆனுக்கும் அனுப்பினார். தம் அடிச்சுவட்டில் மகள் நடக்கவேண்டும் என்பதே அதன் பொருள். அம்மகள் பின்னர் லூவேன் நகரில் கன்னியர் மடம் புகுந்தாள்.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1970 அக்டோபர் 25 அன்று மார்கரெட்டைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். ஷாம்பிள்ஸ் தெருவின் சிறிய வீடொன்றில் அவருக்குச் செபக்கூடம் இருக்கிறது. அவர் வாழ்ந்த வீடு அதன் எதிர் வரிசையில் இருந்ததென ஆய்வாளர் கருதுகின்றனர். கடைகளின் ஆரவாரத்திலிருந்து உள்ளே நுழைந்தோர் குரல் தானே தாழ்ந்துவிடுகிறது.

கூரைக்குள் மறைந்த ஆலயம்

மிக்கிள்கேட் பார் வாயிலுக்கு வெளியே நிற்கும் பார் கன்னியர் மடம், இங்கிலாந்தில் இன்றும் நிலைத்திருக்கும் கன்னியர் மடங்களுள் மிகப் பழமையானது. இறையடியார் மேரி வார்டு நிறுவிய சபையின் சகோதரிகள் 1686-இல் பெண்பிள்ளைகளின் கல்விக்காக இதைத் தொடங்கினர். திருப்பலி சட்டத்திற்கு மாறாக இருந்த காலத்தில், 1769-இல், அவர்கள் ஓர் அழகிய ஆலயத்தைக் கட்டிடத்தின் நடுவே அமைத்தனர். குவிமாடம் வெளியே தெரியாதவாறு சாய்கூரை மூடியது. ஆபத்து நேர்ந்தால் தப்பிச் செல்லப் பல வாயில்களும், குரு ஒளிய மறைவிடமும் அமைந்தன. புனித மார்கரெட்டின் கரம் இங்கே அருளிக்கமாகப் போற்றப்படுகிறது. இன்று காட்சிக்கூடம், சிற்றுண்டிச்சாலை, தங்கும் அறைகள் எல்லாம் இங்குண்டு.

இந்தியராகிய நமக்கும் இம்மடத்திற்கும் உறவுண்டு. அயர்லாந்தின் பிரான்செஸ் பால் என்னும் பெண்மணி கல்வி கற்றதும், 1814-இல் நவசந்நியாசம் புகுந்ததும் இங்கேதான். அவர் தாயகம் திரும்பி வளர்த்த லொரேட்டோ கன்னியர் 1841-இல் கல்கத்தா வந்தனர். அச்சபையில் 1928-இல் சேர்ந்து நம் நாட்டிற்கு வந்தவரே புனித அன்னை தெரேசா!

குழந்தைகளுடன் செல்வோர் 1975-இல் திறக்கப்பட்ட தேசிய இரயில்வே அருங்காட்சியகத்தைத் தவறவிடலாகாது, அனுமதி இலவசம். 1938-இல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி உலகச் சாதனை படைத்த ‘மல்லார்டு’ என்னும் நீராவி எஞ்சின் இங்குண்டு. நம் பிள்ளைகள் விரும்பும் கிட்கேட் சாக்லேட்டும் 1935-இல் இந்நகரத்து ரவுண்ட்ரீ தொழிற்சாலையில் பிறந்ததுதான்.

இறுதியாக, நகருக்குத் தெற்கே நேவ்ஸ்மயர் வெளிக்குச் செல்லுங்கள். குதிரைப் பந்தயத் திடலான இவ்விடத்தில் அக்காலத்தே தூக்குமரம் நின்றது. கள்வரும் கொலைஞரும் மாண்ட அதே மரத்தில் மறைக்காக உயிரீந்தோர் பலர். 1595-இல் இயேசு சபைக் குரு புனித என்றி வால்போல் இறந்ததும் இந்நகரில்தான். அதே வெளியில் 1982 மே 31 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வந்து நின்றார். பெருந்திரளான மக்களுக்குத் திருமணத்தையும் குடும்ப வாழ்வையும் குறித்து உரையாற்றினார். கணவன் மனைவியர் தம் திருமண வாக்குறுதியை அங்கே புதுப்பித்துக்கொண்டனர். பேராலயம் கைவிட்டுப் போன நாளில் மறையைக் காத்தவை இல்லங்களே. அன்று ஒரு கடைக்காரர் மனைவி தம் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தார். அதனால் இந்நகரில் திருப்பலி நின்றுபோகவில்லை. நம் இல்லங்களின் கதவுகளும் அவ்வாறே திறந்திருக்கட்டும்.