செருப்பைக் கழற்ற வேண்டாம்!

எனக்கு ஓர் ஆசை. சொன்னால் சிரிக்கக் கூடாது. கோயமுத்தூரில் ஓர் ஆர்ட் கேலரி திறக்க வேண்டும். உள்ளே ரவிவர்மா கிடையாது, தஞ்சாவூர் ஓவியம் கிடையாது. ஷூவும் பாட்டும் மட்டும்!

"ஏனுங்க, செருப்பு ஸ்டாண்டைப் பார்க்க எதுக்குங்க டிக்கெட்டு?" என்கிறாள் எங்கள் வீட்டு அம்மிணி.

கனடாவில் டொரான்டோ நகரத்தில் சோன்யா பாட்டா என்ற அம்மா 1995-லேயே காலணிக்கென்று மியூசியம் திறந்துவிட்டார். பாட்டா கம்பெனிக் குடும்பம்தான். கட்டடமே மூடி லேசாகத் திறந்த ஷூ டப்பா மாதிரி இருக்கும். உள்ளே 10,000-த்துக்கும் மேற்பட்ட உருப்படிகள். மைக்கேல் ஜோர்டான் 1985-ல் போட்டு ஆடிய ஒரு ஜோடி ஷூ, 2020-ல் ஏலத்தில் 5,60,000 டாலருக்குப் போனது. நாலு கோடி ரூபாய்க்கு மேல்! நம் வீட்டுப் பழைய ஷூவை எடைக்குப் போட்டால், 'அதை நீங்களே வெச்சுக்குங்க சார்' என்கிறார் கடைக்காரர்.

'சரி, ஷூவுக்கும் பாட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்பீர்கள். 1986-ல் ரன் டி.எம்.சி. என்ற நியூயார்க் ராப் கோஷ்டி, தாங்கள் போட்டிருந்த அடிடாஸ் ஷூவைப் பற்றியே ஒரு பாட்டுப் போட்டது. கச்சேரியில் 'ஷூவைத் தூக்கிக் காட்டுங்க' என்றதும் ரசிகர்கள் கழற்றித் தூக்கிவிட்டார்கள். கம்பெனி ஆள் நேரில் பார்த்தார். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. (நம்ம ஊர் மேடைக்கு எதிரே கூட்டம் செருப்பைத் தூக்கினால் அர்த்தமே வேறு!)

பி.காம். படித்தவன் சும்மா இருப்பேனா? கணக்குப் போட்டேன். வாடகை, கரண்ட், வாட்ச்மேன் எல்லாம் சேர்த்து மாதம் 42,000. டிக்கெட் 20 ரூபாய். மாதம் 2,100 பேர், அதாவது தினம் 70 பேர் வந்தால் நஷ்டமில்லை. லாபம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

"அவிநாசி ரோட்டுல கார் மியூசியம் இருக்கு, சரி. பாட்டுக்கு நம்ம ஹிப்ஹாப் ஆதி இருக்காப்ல, அதுவும் சரி. நம்ம ஊருக்கு ஏதுடா மாப்ளே ஷூ சரித்திரம்?" என்றான் ஆபீஸ் நண்பன்.

இருக்கிறது.

எங்கள் அப்பாரு ஊரில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஊரில் எல்லோருடைய கால் அளவும் அவருக்கு மனப்பாடம். கவலை இறைக்கிற காலத்தில் சாலுக்குத் தோல் வால் தைத்ததும் அவர்தான். மாரியம்மன் நோம்பிக்குப் பறையைத் தீயில் காய்ச்சி அவர் அடிக்க ஆரம்பித்தால் நண்டுசிண்டுகள் எல்லாம் ஆடும். ஆனால் எங்கள் தெருமுனைக்கு வந்ததும் தன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். அவர் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு நாங்கள் நடந்த தெருவில், அவர் மட்டும் வெறுங்கால்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் தாலுகாவில் ராஜாவூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு தெருவில் தலித் மக்கள் சுமார் 60 பேர் முதல்முறையாகச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். நடந்தது 2023 டிசம்பரில்! நிலாவுக்குச் சந்திரயான் போய் இறங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. நம்ம ஜில்லாவில் ஒரு தெருவைக் கடக்க அதைவிட அதிக காலம் பிடித்திருக்கிறது.

அமெரிக்காவில் கறுப்பினப் பையன்கள் ஷூவைப் பாட்டாக்கியதும் வெறும் ஸ்டைலுக்காக மட்டுமில்லை. 'நானும் ஒரு ஆளு' என்று நிமிர்ந்து சொல்வதற்கும்தான்.

அதனால் என் கேலரியில் முதல் கண்ணாடிப் பெட்டி ஜோர்டானுக்கு இல்லை (வாங்க வசதியும் இல்லை!). ஒரு ஜோடி நாட்டுத் தோல் செருப்பு, பக்கத்தில் ஒரு பறை. இரண்டையும் செய்தது ஒரே கை.

வாசலில் ஒரு பலகை: 'செருப்பைக் கழற்ற வேண்டாம். போட்டுக்கொண்டே உள்ளே வரவும்.'

இப்போதைக்குப் பலகைக்கு மட்டும் காசு சேர்ந்திருக்கிறது. மற்றதற்குத் தினம் 70 பேர் வேண்டும். நீங்கள் வருவீர்கள்தானே?