பின்வாங்கி ஆடும் கைல்

புக்கிட் ரோத்தானில் ஒரு வீடு. பள்ளி விடுமுறையில் தாய்மாமனும் மருமகனும் ‘ஸ்திரீட் ஃபைட்டர் 2’ ஆடுகிறார்கள். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட சண்டை விளையாட்டு அது. சிறுவனின் வீரர் கைல். அவரை முன்னே ஓட்டிக்கொண்டே இருக்கிறான்; தோற்றுக்கொண்டும் இருக்கிறான்.

“பாயாதடா. பின்பக்கமா பிடிச்சு வை.”

“அப்புறம் எப்படி மாமா அடிக்கிறது?”

கைலின் ‘சோனிக் பூம்’ உடனே கிளம்பாது. திசைப் பொத்தானைச் சற்று நேரம் பின்பக்கம் அழுத்திவைத்து, சட்டென முன்னே தள்ளிக் குத்த வேண்டும். இடையில் ஓரடி முன்வைத்தாலும் சேர்த்த வலு போய்விடும். கீழும் பின்னும் சேர்ந்த மூலையில் பிடித்தால் இன்னும் நல்லது. குனிந்தபடி அடிகளைத் தடுக்கலாம். தாவி வருபவரை மேல்நோக்கி உதைக்கவும் வலு சேரும்.

எதிரியையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் தால்சிம் கைகால்களை நீட்டித் தொலைவிலிருந்தே அடிப்பார். அவரிடம் ஒதுங்கி நிற்பது மட்டும் போதாது. மற்போர் வீரர் ஸாங்கீஃப் அப்படியல்ல. கட்டிப்பிடித்துச் சுழற்ற அவர் நெருங்கியாக வேண்டும். கைல் முன்னிலையில் இருந்தால் அவரை அண்டவிடாமல் காத்திருக்கலாம். 99இல் தொடங்கும் எண்ணிக்கை தீரும்போது எவருடைய உயிர்க்கோடு நீளமோ, அவருக்கே அந்தச் சுற்று. துரத்த வேண்டியவர் ஸாங்கீஃப்தான்.