பத்மினியின் வாழ்வும் தாழ்வும்

பத்மினி என்றதும் நம்மவர்க்கு நாட்டியப் பேரொளியின் நினைவு வருவது இயல்பே. நான் எழுதப் புகுவதோ சதங்கை கட்டிய பத்மினியைப் பற்றியன்று. கறுப்பும் மஞ்சளும் உடுத்து மும்பைத் தெருக்களை ஆண்ட பத்மினியைப் பற்றி.

மான்குர்த்தில் வாழும் எனக்கு அவள் பிறந்தகம் அயலூர் அன்று. ரயிலேறினால் கோவண்டி, செம்பூர், திலக் நகர், அடுத்தது குர்லா. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. இத்தாலிய ஃபியட் 1100 கார் 1954 முதல் அங்கே உருவாயிற்று. 1964-இல் புதிய உருவம். 1974-இல் பத்மினி என்னும் பெயர்.

அது பொற்காலம். அம்பாசிடர், ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஆகியவற்றை விட்டால் வேறு கார் ஏது? அயல்நாட்டு வண்டிகளுக்கு அரசு கதவடைத்திருந்தது. பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தனர். காத்திருக்க ஆளிருக்கையில் மாற்றம் எதற்கு? இத்தாலியர் 1966-இல் கைவிட்ட உருவத்தை நாம் 2000 வரை வார்த்துக்கொண்டிருந்தோம்!

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991-க்குப் பின் கதவே அகன்றது. குடும்பங்கள் பத்மினியைக் கைவிட்டன. டாக்சிக்காரர்கள் மட்டும் கைவிடவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி அவர்களுள் ஒருவர்; திருநெல்வேலிக்காரர். ஊருக்குப் புறப்படும் தமிழ்க் குடும்பங்களை, தலைமேல் பெட்டி படுக்கைகளை அடுக்கி, தாதர் நிலையத்தில் சேர்த்த வண்டி அவருடையது. இரண்டு பெண்களைப் படிக்கவைத்ததும் அதுவே. டாக்சிக்கு 20 ஆண்டே வயது என்ற விதியால் அதை இழந்தார். 2023 அக்டோபரோடு மும்பையில் பத்மினி டாக்சியே இல்லாதொழிந்தது.

“வண்டி கெடலை தம்பி. சுத்தியலும் ஸ்பானரும் இருந்தாப் போதும், எந்தத் தெருவோரத்திலயும் சரிபண்ணிரலாம். காலந்தான் கெட்டுப்போச்சு” என்றார்.

அவர் துயரம் உண்மை. பத்மினியின் உழைப்பும் உண்மை. எனினும், காலத்தின்மேல் பழிபோட என் மனம் ஒப்பவில்லை. போட்டியில்லாத களத்தில் முப்பதாண்டு நின்றவளைத் தோற்கடிக்க எதிரி தேவையில்லை. கதவைத் திறந்தாலே போதும். ஆனால் அந்தத் தோல்வியின் விலையைக் கொடுத்தவர்கள் முதலாளிகள் மட்டுமல்லர். குர்லாத் தொழிலாளியும், எங்கள் அண்ணாச்சியுந்தான்.

தோழர்களே, பட்டம் பெற்றதும் படிப்பு முடிந்ததென்று எண்ணுவோர் நம்மிலும் உளர். நம்மை நம்பி ஏறி உட்கார்ந்திருப்போர் எத்தனை பேர் என்பதை அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக!