எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரங்கள்

பாரிஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரியின் பூர்வீக ஊர் ஃபிகிக். மொரோக்கோவின் கிழக்கு ஓரத்தில், மூன்று பக்கமும் அல்ஜீரியா சூழ்ந்த ஒரு பாலைவனச் சோலை. அவளின் மகனும் என் மகனும் ஒரே வகுப்பு. போன வசந்த விடுமுறைக்கு அவர்களோடு நாங்களும் போனோம்.

ஊஜ்தா நகரத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 370 கிலோமீட்டர். வழியெல்லாம் வறண்ட மேட்டுநிலம், ஆட்டு மந்தைகள். மாகாணத் தலைநகர் பூஅர்ஃபாவையும் தாண்டிப் போக, திடீரென்று பச்சை! கண்ணுக்கு எட்டிய தூரம் பேரீச்ச மரங்கள். மண்ணால் கட்டிய ஏழு பழைய குடியிருப்புகள் சேர்ந்ததுதான் ஊர். வீடுகளுக்கு அடியால் போகும் ஒழுங்கைகளில் மத்தியானத்திலும் குளிர்ச்சி. ஊரார் வீட்டில் பேசுவது அமாசிக் மொழி. 2011 அரசியலமைப்பில்தான் அது அரபியோடு சேர்ந்து ஆட்சிமொழி ஆனது.

அங்கே நிலத்தைவிடத் தண்ணிக்குத்தான் மதிப்பு. ஊற்றுநீர் வாய்க்கால் வழியாக, முறை வைத்துத் தோட்டங்களுக்குப் போகிறது. அந்தக் காலத்தில் அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தை வைத்து முறையை அளந்தார்களாம். நம்முடைய நாழிகை வட்டில் மாதிரி. தண்ணீர்ப் பங்கைப் பிள்ளைகளுக்கும் எழுதி வைக்கலாம். 2023 இறுதியில், குடிநீர் விநியோகத்தை வெளி நிறுவனத்திடம் கொடுக்கக்கூடாது என்று ஊரே தெருவுக்கு வந்தபோது, வெள்ளைப் போர்வை போர்த்திய பெண்கள்தான் முன்னால் நடந்தார்கள்.

ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரியின் அப்பா எங்களை ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போனார். சில கிலோமீட்டர் தள்ளி பெனி ஊனிஃப், அல்ஜீரிய ஊர். இரண்டு ஊரிலும் சொந்தக்காரர். 1994இல் தரைவழி எல்லையை மூடிய பிறகு கல்யாணத்துக்கும் சாவுக்கும் நடந்துபோக வழியில்லை. அவர் தன் மச்சானைக் கடைசியாகப் பார்த்ததே பாரிஸில், மகள் வீட்டில்தான்.

பிறகு கையை நீட்டி, "அங்கே என் மரங்கள்" என்றார். எல் அர்ஜா என்ற இடம். 1972 ஒப்பந்தப்படி அது அல்ஜீரியாவின் பக்கம். ஆனாலும் ஃபிகிக் விவசாயிகள் அங்கே மரம் நட்டுப் பார்த்து வந்தார்கள். 2021 மார்ச் 18க்குள் வெளியேறச் சொல்லிவிட்டார்கள்.

என் மகன் பிரெஞ்சில் கேட்டான்: "இப்ப யார் தண்ணி விடுறது?" மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் பதில் சொல்லவில்லை. அவன் தலையைத் தடவினார்.

என் அப்பா மயிலிட்டிக்காரர். 1990இல் உடுத்த உடுப்போடு வந்தவர். காணி இன்னும் முள்வேலிக்குள். நான் பிறந்தது இங்கே. அவருக்கு நோகுமே என்று அந்தக் காணியைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பாரிஸ் திரும்பிய அன்றிரவு மகன் அவரிடம் போனான். அரைகுறைத் தமிழில், "அப்பப்பா, உங்கட மரத்துக்கு ஆர் தண்ணி விடுறது?"

எனக்குத் திக்கென்றது. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பேப்பர் ஒண்டு கொண்டா" என்றார். கிணறு, துலா, கறுத்தக்கொழும்பான் மாமரம், கடலுக்குப் போற ஒழுங்கை எல்லாம் கீறிக் காட்டினார். முப்பத்து நான்கு வயதில் நானும் அன்றைக்குத்தான் எங்கள் காணியைப் பார்த்தேன்.

அந்தப் பேப்பர் இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தால், பிள்ளையைக் கேட்க விடுங்கோ.