ஸ்கிராப்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. சில புதிய கார்களைச் சுமந்து செல்வன. சில தகட்டுத் துண்டுகளையும் இரும்புச் சுருள்களையும் சுமந்து செல்வன. பின்னதில் இருப்பது யாது என வினவினால், 'ஸ்கிராப்' என்று தொழிலாளர் ஒரே சொல்லில் விடை கூறுவர். அவ்வட்டாரத்தில் அது தமிழ்ச்சொல் போலவே வழங்குகிறது.

பண்டைய வடஐரோப்பிய மொழியொன்றிலிருந்து ஆங்கிலத்துட் புகுந்த அச்சொல், முதலில் உண்டபின் எஞ்சிய உணவுத் துணுக்குகளையே குறித்தது. இயந்திரங்கள் பெருகிய காலத்தில் பழைய இரும்புக்குப் பெயராயிற்று; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'கழித்துவிடு' என்னும் வினையுமாயிற்று. இன்று ஒரு திட்டத்தைக் கைவிடுதலையும் ஆங்கிலேயர் அச்சொல்லாலேயே கூறுவர்.

தொழிற்சாலையிலோ அச்சொல்லுக்கு எல்லை உண்டு. அளவு பிழைத்த உறுப்பு உடனே ஸ்கிராப் ஆகிவிடாது. திருத்தினால் பயன்படுமாயின் அது 'ரீவொர்க்'. திருத்தவே இயலாததுதான் கழிக்கப்படும். கழித்ததும் வீணாவதில்லை. கார்க்கதவின் வடிவை வெட்டியபின் எஞ்சும் தகடு எடைக்கு விலைபோகிறது; உலையில் உருகி மீண்டும் எஃகாகிறது. செம்பு முதலியன கலந்துவிட்டால் மட்டும் எஃகின் தரம் கெடும். ஆதலின் வகைவகையாகப் பிரித்து வைப்பதே அங்குப் பெரும்பணி.

இதனைத் தமிழர் அறியாதவரல்லர். பழைய இரும்பைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கியது நம் தெருக்கள் நன்கறிந்த வணிகம். பழைய இரும்புக் கடையைக் 'காயலான் கடை' என்பர். காயற்பட்டினத்து வணிகரால் வந்த பெயர் என்று கூறுவாரும் உளர். எறிதல், கழித்தல், துறத்தல் எனச் சொற்களும் நம்மிடம் பலவுண்டு. குப்பையை எறிகிறோம், நெல்லிலிருந்து பதரைக் கழிக்கிறோம். திருப்பெரும்புதூரில் 1017ஆம் ஆண்டு பிறந்தவராகக் கூறப்படும் இராமாநுசர் இல்லறத்தைத் துறந்தார் என்போமேயன்றி, எறிந்தார் என்று எவரும் கூறார்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்திய அரசு பழைய வண்டிகளைப் பற்றிய கொள்கை ஒன்றைத் தொடங்கியது. நாளிதழ்களுட் சில அதனை 'வாகன அழிப்புக் கொள்கை' என எழுதின. அஃது அத்துணைப் பொருத்தமன்று. எண்ணெய் வடித்து, மின்கலம் அகற்றி, உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்படும் வண்டி அழிவதில்லை. 'கழிப்பு' என்றிருப்பின் உண்மைக்கு நெருங்கியிருக்கும்.

மனிதரைக் குறித்து இச்சொற்களை வழங்க நாவு கூசும் போலும். அதனாலேயே 'ஆட்குறைப்பு' எனக் கணக்குச் சொல்லொன்றை வழங்குகிறோம். திருப்பெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய நோக்கியா செல்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்; அவருள் இளம்பெண்கள் மிகப் பலர். நுண்ணிய உறுப்புகளைப் பிழையின்றிப் பொருத்தத் தேர்ந்த கைகள் அவர்களுடையவை. பலர் விருப்ப ஓய்வுத்தொகை பெற்று வெளியேறினர். வீட்டுவாடகையும் தம்பி தங்கையர் படிப்புச் செலவும் அடுத்த மாதமே வந்து நின்றன. பூட்டிய கட்டடமோ காத்திருந்தது. 2019ஆம் ஆண்டில், செல்பேசி மின்னூட்டிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் அதனை வாங்கும் செய்தி வெளியாயிற்று.